கப்போர்டுல தொலைஞ்ச 'ப்'

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு மீட்டிங்ல "கப்-போர்டு"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. அது "கபர்ட்"டாம்! பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச நான் அன்னிக்கு முழுக்க வாயே திறக்கல. ஆனா ஒரு கேள்வி மட்டும் குடைஞ்சிட்டே இருந்தது. அந்த 'ப்' எங்கேய்யா போச்சு?

பதில் அழுத்தத்துல இருக்கு. நாம ரெண்டு சொல்லைப் புணர்ச்சி விதியால ஒட்டுறோம். கருமை + பலகை = கரும்பலகை. ஆங்கிலத்துல ஒட்டுற பசை அழுத்தம்தான். 'பிளாக்'குல மட்டும் அழுத்தினா 'பிளாக்பேர்ட்' ஒரு குறிப்பிட்ட பறவை. 'பேர்ட்'லயும் அழுத்தினா ஏதோ ஒரு கறுப்புப் பறவை, காக்காயாகவும் இருக்கலாம்.

ஜெர்மானிய மொழிகள்ல முதல் அசைக்குத்தான் மரியாதை. அழுத்தம் கிடைக்காத பின்பாதி, நூற்றாண்டுக் கணக்குல தேய்ஞ்சு போகும். பழைய ஆங்கிலத்துல 'ரொட்டியைக் காக்கிறவன்'னு அர்த்தம் வர்ற கூட்டுச்சொல் 'ஹ்லாஃப்வெயர்ட்'. அதுதான் தேய்ஞ்சு இன்னிக்கு ஒரே அசையில 'லார்ட்'. வைக்கிங்குகள் கொண்டுவந்த 'காற்றின் கண்' இப்போ 'விண்டோ'. கோப்பை வைக்கிற பலகை 'கபர்ட்' ஆனதும் இதே கதைதான்.

அசை பிரிக்கிறதுலயும் ஒரு சண்டை நடந்திருக்கு. தாமஸ் டில்வொர்த்தோட பாடநூல் வழியில மூக்குத்துளையைக் குறிக்கிற சொல்லை 'நோ-ஸ்ட்ரில்'னு வெட்டினாங்க. 1783-ல அமெரிக்காவுல நோவா வெப்ஸ்டர் தன்னோட எழுத்துக்கூட்டுப் புத்தகத்துல, "காதுல விழற மாதிரி வெட்டுங்க, 'நாஸ்-ட்ரில்'"னு மாத்தினார். அதுல வேடிக்கை என்னன்னா, அந்தச் சொல்லே 'மூக்கு + துளை'ங்கிற பழைய கூட்டுச்சொல். காதை நம்பி வெட்டினவர் கத்தி, சரியா பழைய மூட்டுலயே விழுந்திருக்கு!

கடைசியா எனக்கு ஆறுதல் தந்த விஷயம். நெற்றியைக் குறிக்கிற 'ஃபோர்ஹெட்'டை ஆங்கிலேயர்கள் ஒரு காலத்துல 'ஃபாரிட்'னுதான் சொன்னாங்க. 'வெஸ்கிட்'னு சொன்ன சட்டை இப்போ 'வெயிஸ்ட்கோட்'. பள்ளிக்கூடம் பெருகி, எழுத்தைப் பார்த்து உச்சரிக்க ஆரம்பிச்சதும் தேய்ஞ்ச பாதி திரும்ப வந்துடுச்சு. அதாவது, நான் 'கப்-போர்டு'ல செஞ்சதைத்தான் அவங்களும் செஞ்சிருக்காங்க. அவங்க செஞ்சா மொழி வரலாறு, நான் செஞ்சா காமெடி. ஹி ஹி.

உங்களை இப்படி மாட்டிவிட்ட சொல் எது மக்களே? பின்னூட்டத்துல கொட்டுங்க.