பத்திரிகைக் கமிஷனும் பத்திரிகையாளர் தொழிலும்

பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் அரசாங்கம் விதிக்கும் தடைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், நாளைக்கு வேலை நிலைக்குமோ என்று அஞ்சுகிறவனின் பேனாவுக்கு அரசியல் சட்டம் ஒன்றே துணிவு தந்துவிடாது. இவ்வுண்மையை நாடறிய ஆராய்ந்து கூறியது 1952-இல் அமைக்கப்பெற்ற முதலாவது பத்திரிகைக் கமிஷன்.

நீதிபதி ஜி. எஸ். ராஜாத்யக்ஷா தலைமை வகித்த அக்கமிஷனில் டாக்டர் ஜாகீர் உசேன், ஆசாரிய நரேந்திர தேவர், சர் சி. பி. ராமசாமி ஐயர் முதலியோர் அங்கம் வகித்தனர். பத்திரிகை ஆசிரியர்களான எம். சலபதி ராவும் ஜே. நடராஜனும் உடனிருந்தனர். நாட்டில் 330 நாளிதழ்கள் உள்ளன என்றும், அவை ஏறக்குறைய 25 லட்சம் பிரதிகள் விற்பனையாகின்றன என்றும் 1954-இல் வெளிவந்த அறிக்கை கணக்கிட்டது. பத்திரிகைகளின் உடைமை சிலர் கையில் குவிந்திருப்பதையும், ஊழியரின் சம்பளக் குறைவையும், பயிற்சிக் குறைவையும் அது சேர்த்தே ஆராய்ந்தது.

அதன் முதற்பயனாக 1955-இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பிறந்தது. வேலையினின்று நீக்குவதாயின் ஆசிரியருக்கு 6 மாதமும், ஏனைய பத்திரிகையாளருக்கு 3 மாதமும் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று அது விதித்தது. பணிக்கொடை, வேலை நேர வரம்பு, சம்பளக் குழு ஆகியவற்றுக்கும் வகை செய்தது. 1958-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. ஆனால், பத்திரிகைத் தொழிலின் கொடுக்கும் சக்தியைச் சம்பளக் குழு கருதவில்லை எனக் கண்டு, அதன் முடிவை ரத்துச் செய்தது. உரிமை ஏட்டில் ஏறுவது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

கமிஷன் பரிந்துரைத்த பத்திரிகைக் கவுன்சில் 1966-இல் அமைந்தது. கண்டிக்கலாமேயன்றித் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில் பிறந்த அவசரச் சட்டம் அதனையும் கலைத்தது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது மீண்டும் உயிர் பெற்றது.

பயிற்சியின் வரலாறு இதற்கும் முந்தியது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இலும் இதழியல் வகுப்புகளைத் தொடங்கின. 1965-இல் புது தில்லியில் தோன்றிய இந்திய மக்கள் தொடர்புக் கழகம், முதலில் மத்திய அரசின் தகவல் துறை அதிகாரிகளுக்கே பெரும்பாலும் பயிற்சி அளித்தது. சிறு அளவில் ஆராய்ச்சியும் நடத்தியது. 1969 முதல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பத்திரிகையாளரும் அங்கு வந்து பயின்றனர். 2024-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

பயிற்சிக்கூடங்கள் இவ்வாறு வளர்ந்தன. பணிப் பாதுகாப்போ அவ்வாறு வளரவில்லை. 1990-களுக்குப் பின் பத்திரிகை அலுவலகங்களில் ஒப்பந்த நியமனம் பெருகிற்று. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமோ என்று கலங்கும் செய்தியாளன், தன் முதலாளிக்கோ விளம்பரதாரருக்கோ உவப்பில்லாத செய்தியை எழுதத் தயங்குவது இயல்பே. அச்செய்தி வெளிவராமற் போனால் நஷ்டம் அவனுக்கு மட்டுமன்று. அதை அறியவேண்டிய வாசகருக்கும் நஷ்டமே. தொழில் திறமையையும் தொழில் பாதுகாப்பையும் ஒருங்கே நோக்கிய 1954-ஆம் ஆண்டு அறிக்கை இன்றும் படிக்கத்தக்கதாயிருப்பது இதனாலேயே.