யாருடைய வயிறு?

நெளுக்குளத்து வயல்வரம்பில் நின்றுகொண்டு இலண்டன் நூதனசாலையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வயிற்றுநோய்க்கு நாடு, இனம், சாதி கிடையா. நோயுற்ற வயிறுகளுக்கு வரலாறு அளித்த இடத்தில்தான் வேற்றுமை உண்டு.

ஜோன் ஹன்டர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1793இல் இறந்தபோது ஏறத்தாழ 14,000 மாதிரிகளை விட்டுச்சென்றார். 1799இல் பிரித்தானிய அரசு அவற்றை 15,000 பவுணுக்கு வாங்கிச் சத்திரசிகிச்சையாளர் சங்கத்திடம் ஒப்படைத்தது. இரைப்பை, குடல், ஈரல் யாவும் மதுசாரம் நிரம்பிய கண்ணாடிச் சாடிகளில் இருந்தன. இறந்தபின் இரைப்பை தன் சாற்றினாலேயே தன்னை அரித்துக்கொள்ளும் என்பதை 1772இல் எடுத்துக்காட்டியவர் ஹன்டரே. அவருடைய சகோதரியின் மகன் மத்தியூ பெய்லி 1793இல் வெளியிட்ட நூலில், இறுகிக் கணுக்கணுவாகிப் போன ஈரலுக்கும் குடிப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் குறித்தார். இவை மனித குலத்துக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதை நாம் மறுக்கவில்லை.

அறுக்கப்பட்டவர் யார் என்பதே நம் கேள்வி. தூக்குமேடையிலிருந்து சிலர் வந்தனர். பலருடைய உடல்கள் இடுகாடுகளிலிருந்து இரவோடிரவாகத் திருடப்பட்டன. 1832ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருட்டுக்கு முடிவுகட்டியது உண்மையே. எப்படி? ஏழைகள் விடுதியில் இறந்து, உரிமை கோர ஆளில்லாத பிணங்களை மருத்துவக் கூடங்களுக்கு அளித்து! வறுமையே குற்றமாகிவிட்டது.

அதே தொகுப்பில் பேரரசன் ஒருவனுடைய குடலென்று சொல்லப்பட்ட இரு துண்டுகளும் இருந்தன. 1821இல் இறந்த நெப்போலியனின் இரைப்பையில் பெரும் புண் இருந்ததைப் பிரேத பரிசோதனை காட்டிற்று. அவ்விரைப்பையை வெள்ளிக் கலத்தில் இட்டு அவனுடனேயே புதைத்தனர். குடல் துண்டுகளைக் கொடுத்ததாகக் கூறப்படும் வைத்தியர் ஓமேராவோ 1818லேயே அத்தீவை விட்டு வெளியேறியவர்! ஆயினும் அத்துண்டுகளைப் பற்றி ஆர்தர் கீத் என்னும் அறிஞர் 1913இல் ஒரு தனிச் சொற்பொழிவே நிகழ்த்தினார். பெயரற்ற ஏழையின் குடலுக்கு இந்த மரியாதை ஏது? 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தபோதுதான் அரசனும் ஆண்டியும் சமமாயினர்.

வன்னியின் வயிற்றுநோய் வேறு. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால் மண்ணீரல் வீங்கும்; விலாவின் கீழ் கைக்குத் தட்டுப்படும். குழந்தைகளுள் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இவ்வீக்கம் உண்டென எண்ணி, ஓர் ஊரின் காய்ச்சலை அளக்கும் முறை 1840களில் வடஇந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் தோன்றியது. பின்னர் இலங்கையிலும் அதே முறை கையாளப்பட்டது. சாடியும் வேண்டாம், மதுசாரமும் வேண்டாம். உயிருள்ள குழந்தையின் வயிற்றைத் தடவினாலே போதும். குழந்தை வெறும் விழுக்காடாகிப் பதிவேட்டில் ஏறிற்று.

இந்நோய்க்குக் காட்டையோ விதியையோ பழிப்பது எளிது. இலங்கையில் இதைப் பரப்பும் நுளம்பு, வற்றும் ஆற்றின் குட்டைகளிலும் பராமரிப்பற்ற நீர்நிலைகளிலும் பெருகுவது. 1934ஆம் ஆண்டு வரட்சியில் தென்மேற்கு ஆறுகள் குட்டைகளாயின. தொடர்ந்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அரைப்பட்டினியால் மெலிந்தவர்களே அதிகம் மடிந்தார்கள். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்துடன் உணவையும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றது இதனால்தான்.

1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். மருந்து தெளிப்பு நின்றது. சில ஆண்டுகளிலேயே நோயாளர் தொகை இலட்சக்கணக்காயிற்று. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.