நரம்பா, கட்டியா, குழாயா? பிறவிக் குழாய்ப் பிறழமைப்புகளின் நோயறிதலில் பெயரின் பங்கு

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து அரசு கிளினிக் ஒன்றில் 1 வெள்ளி கட்டி, எண் வாங்கி உட்கார்ந்திருக்கும் தமிழர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கெண்டைக்காலில் நீலம் பாரித்துப் புடைத்திருக்கும் வீக்கத்தைக் காட்டி, “மிஸ்ஸி, நரம்பு பொடச்சிக்கிட்டு நிக்குது” என்றுதான் அவர் சொல்வார். அடுத்த நாற்காலியில் இருக்கும் மலாய்க்காரர் அதையே ‘உராட்’ என்பார். பேச்சுத்தமிழின் நரம்பும் மலாயின் உராட்டும் ஏறத்தாழ ஒரே பரப்பை ஆளும் சொற்கள். உணர்வைக் கடத்தும் இழை, தசையை எலும்போடு பிணைக்கும் நாண், குருதி ஓடும் சிரை ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயர். இலையில் ஓடுவதும் நமக்கு நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. தோலுக்கடியில் கயிறு போலத் தெரிவதையெல்லாம் ஒரு சொல்லில் அடக்கியதை அறியாமை என்று தள்ள முடியாது. கண்ணால் பார்த்து வகுத்த வகை அது. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் வகுத்தால் தவறிப்போகும் நோய் ஒன்று உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

கருவளரும்போது தமனி, சிரை, தந்துகி, நிணநீர்க் குழாய் ஆகியவை வழிதவறி உருவாவதால் வரும் பிறவிக் குறைகளை ஆங்கில மருத்துவம் ஒரே குடையின் கீழ் வைக்கிறது. தமிழில் அந்தக் குடைக்குப் பெயர் வைப்பதே முதல் சிக்கல். ‘இரத்தநாளக் கோளாறு’ என்றால் நிணநீர் வெளியே நின்றுவிடும். ‘நாளம்’ என்று மட்டும் சொன்னால், தமிழ்நாட்டார் எல்லாக் குழாயையும் நினைப்பார்கள். இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்கோ நாடி என்றால் தமனி, நாளம் என்றால் சிரை. ‘கலன்’ என்று மாற்றிப் பார்த்தாலும், அங்கே ‘கலம்’ என்பது உயிரணு. இரண்டும் காதில் மோதிக்கொள்ளும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, கிரேயின் உடற்கூற்று நூலை 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என வெளியிட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. அதன் பிறகும் பாக்கு நீரிணையின் இரு கரைகளும் இந்தச் சிறு சொற்களில் ஒத்துப்போகவில்லை. இரு கரையிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கலந்து வாழும் மலேசியாவில் எழுதுவதால், ‘குழாய்ப் பிறழமைப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அழகான சொல் இல்லை. ஆனால் யாரையும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகாது.

மலேசியத் தமிழரின் நிலை இன்னும் ஒரு படி சிக்கலானது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. குருதிச் சுற்றோட்டத்தை விரிவாகப் படிப்பது இடைநிலைப்பள்ளியில், மலாயில். அங்கே குழாய் ‘சாலூர் டாரா’. வீட்டில் அது நரம்பு. மருத்துவர் பரிந்துரைக் கடிதத்தில் எழுதுவது ஆங்கிலத்தில். ஒரே வீக்கம் நோயாளியின் வாயிலிருந்து தாளுக்குப் போவதற்குள் மூன்று மொழிகளைக் கடக்கிறது.

மொழி மாறினால் சிகிச்சையுமா மாறும் என்று கேட்கலாம். இந்த நோயில் மாறும். அதைச் சொல்ல மருத்துவர்களே செய்த பெயர்க்குழப்பத்திலிருந்து தொடங்குவதே நியாயம். 1863இல் ருடால்ஃப் விர்ஷோ இத்தகைய எல்லாவற்றையும் ‘ஆஞ்சியோமா’ என்று அழைத்து, உட்பிரிவுகளை வகுத்தார். ‘ஓமா’ என்ற விகுதி கட்டியைக் குறிப்பது. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிறவிக் குழாய்க்குறை ஒவ்வொன்றும் கட்டி ஆனது. 1982இல் ஜான் மல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் குழாயின் உட்சுவர் உயிரணுக்களைக் கொண்டு இவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் அந்த உயிரணுக்கள் பெருகுகின்றன. அதுவே குழந்தைப்பருவ ஹெமாஞ்சியோமா. மற்றதில் பெருக்கம் இல்லை. பிழையாகக் கட்டப்பட்ட குழாய் உடலோடு சேர்ந்து வளர்கிறது, அவ்வளவுதான். இத்துறைக்கான அனைத்துலகக் கழகம் இந்தப் பிரிவை 1996இல் ஏற்று, 2014இலும் 2018இலும் விரித்தது.

இரண்டின் வாழ்க்கைக் கதையும் வேறு. ஹெமாஞ்சியோமா பிறக்கும்போது இருக்காது, அல்லது வெளிறிய சிறு புள்ளியாகவே இருக்கும். முதல் சில மாதங்களில் விறுவிறுவென்று வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பிறழமைப்பு பிறப்பிலேயே உள்ளது, தானாகச் சுருங்காது. பருவமடையும்போதும் கர்ப்பக் காலத்திலும் அடிபட்ட பின்னும் பெரிதாகலாம். ‘ஏழு வயதுக்குள் தானே போய்விடும்’ என்ற ஆறுதல் முதல் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவதற்கு அது கெடுதல். காத்திருந்த ஏழு ஆண்டும் வீண்.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கிறது. 2008இல் பிரான்சின் போர்தோவில் இதயநோய்க்காகப் புரோப்ரனலால் கொடுத்த குழந்தைக்கு ஹெமாஞ்சியோமா வாடிப்போனதைக் கிறிஸ்தீன் லியோத்தே-லப்ரேஸ் குழுவினர் தற்செயலாகக் கண்டார்கள். இன்று அதுவே முதல் மருந்து. சிரைப் பிறழமைப்புள்ள குழந்தைக்கு அதே மருந்தைக் கொடுத்தால் பயன் ஒன்றுமில்லை. இதயத்துடிப்பும் இரத்தச் சர்க்கரையும் குறையும் ஆபத்து மட்டும் மிஞ்சும். மருத்துவ இதழ்களே இதில் தவறுகின்றன. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ‘ஹெமாஞ்சியோமா’ என்ற சொல் வரும் 320 கட்டுரைகளைச் சோதித்து, 71.3 விழுக்காட்டில் அது பிழையாக ஆளப்பட்டிருப்பதைக் காட்டியது. தவறான சிகிச்சை பெற்றவர்கள் பிழையாகப் பெயரிடப்பட்டவர்களிடையேதான் இருந்தார்கள். மருத்துவமனைகள் நோய்க்குறியீடு போடப் பயன்படுத்தும் ஐ.சி.டி.-10 பட்டியலும், ஹெமாஞ்சியோமாவையும் ‘லிம்ஃபாஞ்சியோமா’வையும் கட்டிகளின் அத்தியாயத்தில் டி18 என்ற ஒரே எண்ணின் கீழ் வைத்திருக்கிறது. பின்னதன் சரியான பெயர் நிணநீர்ப் பிறழமைப்பு. இப்படியிருக்க, ‘நரம்பு’ என்று சொன்ன பாட்டியைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்பது வழக்கமான மறுப்பு. பிறழமைப்பு எவ்வளவு ஆழம், எந்தத் தசையில், மூட்டுக்குள் போகிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ.க்கு இணை இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் கேட்கும் தாளில் எழுதிய பெயர், அறிக்கையில் திரும்பி வரும் பெயரை இழுக்கிறது. அதற்கு முன்பே கையால் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. சிரை வகை நீலமாக, மெத்தென்று இருக்கும். அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் மெல்ல நிரம்பும், காலைத் தொங்கவிட்டால் புடைக்கும், தூக்கினால் வடியும். உள்ளே குருதி உறைந்து சுண்ணாம்பேறிய சிறு மணிகள் விரலுக்குத் தட்டுப்படும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே அவை மிளகு தூவியதுபோல் தெரியும். நிணநீர் வகை, காய்ச்சல் சளியின்போது திடீரென்று வீங்கும். தமனியும் சிரையும் நேரே கோத்துக்கொண்ட வகை கைக்குச் சூடாக இருக்கும்; தொட்டால் அதிரும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரையும். வில்லியம் ஹண்டர் 1757இல் காயத்தால் ஏற்பட்ட தமனி-சிரை இணைப்பை விவரித்தபோது அவருக்குத் துணை இந்த அதிர்வும் இரைச்சலும்தான். நாடி பிடித்துப் பார்க்கும் மரபில் வந்த சமூகத்துக்கு, விரல் நுனியால் நோயறிவது அந்நியமான கலை அன்று. இதற்கு மேல் ஒரு டாப்ளர் ஸ்கேன் போதும். வேகமான ஓட்டமா, மெதுவான ஓட்டமா என்று பிரித்துவிடும். சிகிச்சையின் பாதை பிரிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கை தோற்கும் இடங்களும் உண்டு. தமனி-சிரைப் பிறழமைப்பு தன் முதல் நிலையில், தோலில் வெறும் இளஞ்சிவப்புக் கறையாக இருக்கும். தந்துகி வகையென்று எளிதில் ஏமாறலாம். ஆழத்தில் இருக்கும் சிரை வகை பதின்பருவம்வரை வெளியே தெரியாமலே இருக்கும். எனவே ‘பிறந்ததிலிருந்தே இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் எதையும் முடிவுசெய்வதில்லை. ‘குழந்தை வளர்ந்ததைவிட வேகமாக வளர்ந்ததா, அதனோடு சேர்ந்தே வளர்ந்ததா?’ என்று கேட்பது பயனுள்ளது. தாய்மார்கள் இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். கேட்பதில்லை, அதுதான் குறை.

நம் தோலின் நிறத்தையும் பேசியாக வேண்டும். நூல்களில் ‘திராட்சைமது நிறம்’ என்று வருணிக்கப்படும் தந்துகிக் கறை, கறுத்த தோலில் அந்த நிறத்தில் தெரிவதில்லை. சற்றே அடர்ந்த பழுப்பாக, பழைய தீக்காயத் தழும்பு போல இருக்கும். வீட்டில் ‘மச்சம்’ என்று விட்டுவிடுவார்கள். நெற்றியிலும் மேலிமையிலும் இருந்தால், கண்ணழுத்த நோயும் வலிப்பும் உடன்வரும் ஸ்டர்ஜ்-வெபர் நோய்க்குறி உள்ளதா என்று பார்த்தாக வேண்டும். சிகிச்சையிலும் நிறம் குறுக்கிடுகிறது. 585 முதல் 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள பல்ஸ்டு டை லேசர், குருதியின் நிறமியைக் குறிவைத்துக் குழாயைச் சுடுகிறது. ஆனால் தோலின் மெலனினும் அந்த ஒளியை விழுங்கும். ஆகவே பலன் குறைகிறது, தோல் கறுக்கவோ வெளுக்கவோ வாய்ப்புக் கூடுகிறது. வெள்ளைத்தோல் நோயாளிகளின் முன்-பின் படங்களைக் காட்டி நம் பெற்றோருக்கு நம்பிக்கையளிப்பது நேர்மையாகாது.

இனிச் சிகிச்சை. மெதுவான ஓட்டமுள்ள வகைகளுக்கு, குழாயின் உட்சுவரை அரித்துச் சுருங்கச் செய்யும் மருந்தை ஊசியால் செலுத்துவது முதல் வழி. சோடியம் டெட்ராடெசில் சல்பேட், பாலிடோகனால், எத்தனால், பிளியோமைசின் ஆகியவை அதற்குரியவை. எத்தனால் வலுவானது, பக்கத்து உணர்விழையையும் தோலையும் கருக்கவும் வல்லது. பிளியோமைசின் மென்மையானது, ஆனால் வாழ்நாள் அளவைக் கணக்கில் வைக்காவிட்டால் நுரையீரலைப் பாதிக்கும். ஓர் ஊசியில் தீர்வதில்லை, பல அமர்வுகள் வேண்டும். பெரிய சிரைப் பிறழமைப்பில் உள்ளேயே குருதி ஓயாமல் உறைந்து கரைவதால், டி-டைமர் அளவு கூடி, ஃபைப்ரினோஜென் குறையும். இதைக் கசபாக்-மெரிட் நிலை என்று தவறாகப் பெயரிடுவது இன்னொரு பழைய பிழை. அது தட்டணுக்கள் மிகக் கடுமையாகக் குறையும் வேறொரு கட்டியின் விளைவு, மருந்தும் வேறு. சிரைப் பிறழமைப்பின் இந்த உறைதலுக்கு ஹெப்பரின் வகை மருந்து உதவும்.

எல்லாருக்கும் சொல்லப்படும் அறிவுரை, இறுக்கமான மருத்துவக் காலுறை. பிறை தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்று வேலைசெய்கிறவருக்கு அது உண்மையில் உதவும். ஆனால் இந்த ஊர் வெயிலில் யார் அதை நாள்முழுக்கப் போட்டிருப்பார்கள்? நிற்கும் நேரத்துக்கு மட்டுமாவது போடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். வலிக்கு எண்ணெய் போட்டு நீவுவது இங்கே மூன்று இனத்துக்கும் பொதுவான பழக்கம். ‘நரம்பு பிசகிவிட்டது’ என்று தொடங்கும் அந்த வைத்தியம், சுளுக்குக்குச் சரி. உறைந்த குருதி நிறைந்த சிரை வீக்கத்தை அழுத்தித் தேய்ப்பதற்கு ஆகாது.

வேகமான ஓட்டமுள்ள தமனி-சிரை வகையில் ஒரு விலக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: ஊட்டும் தமனியை மட்டும் கட்டிவிடக் கூடாது. நடுவில் உள்ள முடிச்சு அப்படியே இருக்க, அது அக்கம்பக்கத்திலிருந்து புதுத் தமனிகளை இழுத்துக்கொள்ளும். அடுத்தமுறை கதீட்டர் நுழைக்கும் வழியும் அடைபட்டிருக்கும். முடிச்சையே பசையாலோ திரவ அடைப்பானாலோ நிரப்பி, இயன்றால் பின்னர் வெட்டியெடுப்பதே முறை. சில நேரம் தொடாமல் விடுவதே நலம். மூளையில் உள்ள, இன்னும் வெடிக்காத பிறழமைப்புகளைப் பற்றிய அருபா ஆய்வு 2014இல் வெளியானது. சராசரி 33 மாதத்தில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது மருந்தோடு கண்காணிக்கப்பட்டவர்களில் 10.1 விழுக்காட்டினருக்கு, தலையீடு பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினருக்கு. கண்காணிப்புக் காலம் குறுகியது என்ற விமர்சனம் சரியானதே. எனினும், கண்டதும் கைவைக்க வேண்டும் என்ற துடிப்புக்கு அது ஒரு கடிவாளம்.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் மரபணுவிலிருந்து வருகிறது. சிரை வகையில் டி.இ.கே., நிணநீர் வகையில் பி.ஐ.கே.3சி.ஏ., தந்துகிக் கறையில் ஜி.என்.ஏ.கியூ., மூளையின் தமனி-சிரை வகையில் கே.ராஸ் என்று மாற்றங்கள் கண்டறியப்பட்டுவிட்டன. இதில் பி.ஐ.கே.3சி.ஏ. சிரை வகையிலும் தலைகாட்டுகிறது. சிரோலிமஸும், 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அல்பெலிசிப்பும் குழாயின் பெயரைப் பார்க்காமல், உயிரணுவுக்குள் ஓடும் சைகைப் பாதையைப் பார்த்து வேலைசெய்கின்றன. அப்படியானால் பெயர் எதற்கு? ஊசி போடவும் அடைக்கவும் ஓட்டத்தின் பெயர் வேண்டும், மாத்திரை கொடுக்க மரபணுவின் பெயர் வேண்டும் என்பதே என் பதில். ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு பெயர்கள் தேவைப்படும் காலம் வந்திருக்கிறது.

மரபணு ஆய்வு தமிழ்த் தாய்க்கு வேறொரு நன்மையும் செய்திருக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், வயிற்றைச் சொறிந்தாள், அதனால்தான் பிள்ளைக்கு இந்தக் குறி என்று குற்றம்சாட்டும் பழக்கம் இன்னும் சாகவில்லை. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை கருத்தரித்த பின், வளரும் கருவின் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்பவை. பெற்றோரிடமிருந்து வந்தவையும் அல்ல, தாய் செய்த எதனாலும் வந்தவையும் அல்ல. குடும்பத்தில் தொடரும் ஆர்.ஏ.எஸ்.ஏ.1 போன்றவை விலக்கு. அதனால்தான் வீட்டில் வேறு யாருக்கும் இதுபோல் உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இனி அந்தக் கெண்டைக்கால் வீக்கத்துக்கு வருவோம். பாலம் கடந்து பெரிய மருத்துவமனையின் 5 வெள்ளி நிபுணர் கிளினிக்குக்குப் போகும் பரிந்துரைக் கடிதத்தில் ‘ஹெமாஞ்சியோமா’ என்ற ஒற்றைச் சொல் இருந்தால், அது ஒரு வரிசையில் போய்ச் சேரும். ‘சிறுவயது முதல் உள்ளது, உடலோடு சேர்ந்தே வளர்ந்தது, அமுங்கும், தொங்கவிட்டால் புடைக்கும், அதிர்வோ இரைச்சலோ இல்லை, எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு மணிகள், டி-டைமர் பார்க்கவும்’ என்று இருந்தால், அதே தாள் வேறொரு வரிசைக்குப் போகும். இத்தனையும் நோயாளி ‘நரம்பு’ என்று சொன்ன பிறகு, எந்த நரம்பு, எப்போது புடைக்கும், எப்போது வடியும் என்று தமிழிலோ மலாயிலோ இன்னும் நான்கு கேள்வி கேட்டு, கையை வைத்துப் பார்த்தால் கிடைப்பவை.