பல்வகுப்புப் பாத்திரங்களும் மனோசக்திப் புள்ளிகளும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், மனத்தின் வலிமையால் மட்டுமே நெருப்பை எழுப்பும், பொருளை நகர்த்தும், பிறர் எண்ணத்தை அறியும் பாத்திரங்கள் உண்டு. பல விதித்தொகுப்புகள் இவர்களுக்கு மனோசக்திப் புள்ளிகள் என்னும் கையிருப்பைத் தருகின்றன. ஓர் ஆற்றலைக் கையாளும்போதெல்லாம் புள்ளிகள் செலவாகும். ஓய்வெடுத்தால் மீண்டும் நிரம்பும். ஒரே பாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் நிலைகள் பெறுவது பல்வகுப்பு முறை எனப்படும். அப்போது கையிருப்பு எவ்வளவு, அதை எதற்குச் செலவிடலாம், ஒரே முறையில் எவ்வளவு செலவிடலாம் என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு மிகத் தெளிவான விடை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 3.5 பதிப்பில் கிடைக்கிறது: புள்ளிகள் ஒன்றுசேரும், உச்சவரம்பு ஒன்றுசேராது.

வரலாறு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. மனோசக்தி அதில் 1976-இன் எல்ட்ரிட்ச் விசார்ட்ரி என்ற இணைப்பு நூல் வழியே நுழைந்தது. 1978-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அதைப் பின்னிணைப்பில் வைத்தது. அங்கே மனோசக்தி எந்த வகுப்புக்கும் உரியதாக இல்லை. அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகிய பண்புகளுள் ஒன்றேனும் உயர்ந்திருந்த பாத்திரத்துக்குப் பகடையின் தயவில் அது வாய்த்தது. அதனால் வகுப்புகளைக் கலப்பது கையிருப்பைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 1991-இன் கம்ப்ளீட் சயானிக்ஸ் ஹேண்ட்புக் மனோசக்திக்கென்றே தனி வகுப்பை உருவாக்கியது. வகுப்பும் கையிருப்பும் பிணைந்தபின் கலப்பின் விளைவு முக்கியமான கேள்வியாயிற்று.

3.5 பதிப்பின் விதி

புரூஸ் கார்டெல் எழுதி 2004-இல் வெளிவந்த எக்ஸ்பாண்டட் சயானிக்ஸ் ஹேண்ட்புக் சயான், சைக்கிக் வாரியர், வைல்டர், சோல்நைஃப் என நான்கு அடிப்படை வகுப்புகளைத் தந்தது. முதல் மூன்றுக்கும் நிலைக்கேற்ற புள்ளிகள் அட்டவணையாக உண்டு. சோல்நைஃபுக்கு அப்படி அட்டவணை இல்லை. அட்டவணைப் புள்ளிகளோடு பண்புக்கான கூடுதல் புள்ளிகளும் சேரும். வகுப்புக்குரிய பண்பின் திருத்த எண்ணை அந்த வகுப்பின் மேனிஃபெஸ்டர் நிலையால் (பொதுவாக அந்த வகுப்பில் பெற்ற நிலை) பெருக்கிப் பாதியாக்கினால் அந்தக் கூடுதல் வரும். உரிய பண்பு சயானுக்கு அறிவு, சைக்கிக் வாரியருக்கு விவேகம், வைல்டருக்குக் கவர்ச்சி.

பல்வகுப்புப் பாத்திரத்தில் இக்கணக்கை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே போட்டு, கிடைத்ததையெல்லாம் ஒரே கையிருப்பாகக் கூட்ட வேண்டும். சயான் வகுப்பால் வந்த புள்ளியைச் சைக்கிக் வாரியரின் ஆற்றலுக்கும் செலவிடலாம், மறுதலையும் செல்லும். இனத்தாலும் ஃபீட் எனப்படும் சிறப்புத் தேர்ச்சிகளாலும் வரும் புள்ளிகளும் இதிலேயே சேரும்.

கட்டுப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஆற்றலை ஒருமுறை வெளிப்படுத்தும்போது, அந்த ஆற்றலைக் கற்ற வகுப்பின் மேனிஃபெஸ்டர் நிலைக்கு மேல் புள்ளிகளைச் செலவிட முடியாது. புள்ளிகளைக் கூடுதலாகச் செலுத்தி ஆற்றலை வலுப்படுத்தும் முறையில்தான் இப்பதிப்பின் மனோசக்தி இயங்குகிறது. ஆகவே இந்த ஒரு வரம்பே பல்வகுப்புப் பாத்திரத்தின் பலத்தை நிர்ணயிக்கிறது.

கணக்கு

அறிவுத் திருத்தம் 4, விவேகத் திருத்தம் 2 கொண்ட, மொத்தம் 10 நிலைகளை எட்டிய மூன்று பாத்திரங்களை ஒப்பிடலாம்.

முதலாவது பாத்திரம் 10 நிலைகளையும் சயானாகவே பெற்றது. அட்டவணைப்படி 88, கூடுதல் 20, ஆக 108 புள்ளிகள்.

இரண்டாவது, சயான் 5, சைக்கிக் வாரியர் 5. சயான் பகுதியில் 25-ம் கூடுதல் 10-ம் சேர்ந்து 35. சைக்கிக் வாரியர் பகுதியில் 7-ம் கூடுதல் 5-ம் சேர்ந்து 12. மொத்தம் 47.

மூன்றாவது, சயான் 9, சைக்கிக் வாரியர் 1. சயான் பகுதியில் 72-ம் கூடுதல் 18-ம் சேர்ந்து 90. சைக்கிக் வாரியரின் முதல் நிலைக்கு அட்டவணைப் புள்ளி இல்லை. கூடுதலாக 1 மட்டும் வரும். மொத்தம் 91.

எனர்ஜி ரே என்னும் முதல்நிலை ஆற்றலைக் கொண்டு பார்த்தால் வேறுபாடு துலங்கும். 1 புள்ளிக்கு ஓர் ஆறுபக்கப் பகடை அளவு சேதம். ஒவ்வொரு கூடுதல் புள்ளிக்கும் இன்னொரு பகடை. முதல் பாத்திரம் 10 புள்ளிகளைச் செலுத்தி 10 பகடைகளை உருட்டும். இரண்டாவதின் கையிருப்பில் 47 இருந்தாலும் ஒருமுறைக்கு 5 புள்ளிகளே செல்லும். 5 பகடைகளோடு நின்றுவிடும். மூன்றாவது 9 பகடைகளை உருட்டும். ஐந்தாம்நிலை ஆற்றல்கள் சயான் 9-இலேயே திறந்துவிடுவதால், இந்தக் கட்டத்தில் மூன்றாவது பாத்திரம் அவற்றையும் இழப்பதில்லை. 17 புள்ளிகளையும் ஒரு பகடையையும் விட்டுக்கொடுத்து, எல்லாவகைக் கவசங்களையும் போர் ஆயுதங்களையும் கையாளும் பயிற்சியைப் பெறுகிறது.

அட்டவணை சீராக ஏறாமல் மேலே போகப்போகச் செங்குத்தாக ஏறுவதே இந்த இடைவெளிக்குக் காரணம். சயானின் முதல் நிலை 2 புள்ளிகள் தருகிறது. ஒன்பதிலிருந்து பத்தாம் நிலைக்குப் போகும்போது மட்டும் 16 புள்ளிகள் கூடுகின்றன. சரிபாதியாகப் பிரிப்பவர் செங்குத்தான பகுதியை இரு வகுப்புகளிலும் எட்டுவதில்லை.

இழப்பை ஈடுசெய்யும் வழிகள்

கம்ப்ளீட் சயானிக் நூலின் பிராக்டிஸ்டு மேனிஃபெஸ்டர் ஃபீட், ஒரு வகுப்பின் மேனிஃபெஸ்டர் நிலையை 4 வரை உயர்த்தும். பாத்திரத்தின் மொத்த ஹிட் டைஸை, அதாவது பொதுவாக அதன் மொத்த நிலையை, அது தாண்டாது. மேற்கண்ட இரண்டாவது பாத்திரம் இதை எடுத்தால் எனர்ஜி ரேயை 9 பகடைகள் வரை உருட்டலாம். ஆனால் கையிருப்பு விரைவில் கரையும். ஓவர்சேனல் ஃபீட் தன் உடலில் ஓர் எட்டுபக்கப் பகடை அளவு சேதத்தை ஏற்று, மேனிஃபெஸ்டர் நிலையை 1 உயர்த்த உதவுகிறது.

மந்திரத்தோடு கலப்பவர்களுக்கு செரிப்ரிமான்சர் என்னும் உயர்வகுப்பு உண்டு. அதன் ஒவ்வொரு நிலையும் மந்திர வகுப்பையும் மனோசக்தி வகுப்பையும் ஒருசேர உயர்த்துகிறது. விசார்ட் 3, சயான் 3, செரிப்ரிமான்சர் 4 கொண்ட பாத்திரம் இரண்டிலும் ஏழாம் நிலைத் திறன் பெறும். சயான் அட்டவணையில் 46 புள்ளிகளை அடையும். ஆனால் மந்திரங்களைப் பயன்படுத்தும் வாய்ப்புகளான மந்திர இடங்களும் மனோசக்திப் புள்ளிகளும் ஒன்றாகக் கலப்பதில்லை.

பிற்காலப் பதிப்புகள்

2010-இன் மூன்றாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வழியே நான்காம் பதிப்பு புள்ளிகளைச் சிறிய எண்களுக்குச் சுருக்கியது. சயான் 2 புள்ளிகளோடு தொடங்கும். குறுகிய ஓய்விலேயே அவை நிரம்பும். பல்வகுப்பு அங்கே ஃபீட் வழியே வருவதால், அதை எடுப்பவருக்கு முழுக் கையிருப்பு வராது.

ஐந்தாம் பதிப்பில் 2020-இன் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புள்ளிகளுக்குப் பதிலாக மனோசக்திப் பகடைகளைத் தந்தது. பகடைகளின் எண்ணிக்கை தேர்ச்சி எண்ணின் இருமடங்கு. அது மொத்த நிலையால் வளரும். பகடையின் அளவோ அந்த வகுப்பின் நிலையால் மட்டுமே வளரும். சை வாரியர் என்பது ஃபைட்டர் வகுப்பின் ஓர் உட்பிரிவு. ஃபைட்டர் 4, வேறு வகுப்பு 7 கொண்ட சை வாரியருக்கு 8 பகடைகள் இருக்கும்; ஆனால் அவை ஆறுபக்கப் பகடைகள். 11 நிலைகளும் ஃபைட்டரான சை வாரியருக்கு அதே 8 பகடைகள் பத்துப்பக்கமாக இருக்கும். 2024-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் எண்ணிக்கையையும் வகுப்பு நிலையோடு கட்டியது. அதனால் முன்சொன்ன கலப்புப் பாத்திரத்துக்கு இப்போது 4 பகடைகளே. சை வாரியரின் பகடைகளை, இப்பதிப்பில் ஓர் உட்பிரிவாக வரும் சோல்நைஃபின் திறன்களுக்குச் செலவிடவும் முடியாது. ஒன்றுசேரும் கையிருப்பு என்ற 3.5 பதிப்பின் கொள்கை இங்கே முற்றிலும் கைவிடப்பட்டது.

பாத்ஃபைண்டர் என்னும் மற்றொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு 3.5 பதிப்புக்கு எதிர்த்திசையில் சென்றது. 2022-இன் டார்க் ஆர்க்கைவ் நூலில் வந்த சைக்கிக் வகுப்பு, ஃபோகஸ் புள்ளிகளைச் செலவிட்டுத் தன் சிறுமந்திரங்களுக்கு வலுவூட்டுகிறது. எத்தனை வழிகளில் சேர்ந்தாலும் ஃபோகஸ் புள்ளிகள் 3-ஐத் தாண்டா. அதே சமயம், சிறுமந்திரத்தின் வலிமை பாத்திரத்தின் மொத்த நிலையோடு தானாக உயர்கிறது. எனவே வேறு வகுப்பில் வளர்ந்து ஒரு ஃபீட் மூலம் சைக்கிக் திறனைப் பெற்றவரின் சிறுமந்திரமும் அவரது நிலைக்கேற்ற வலிமையோடு இயங்கும். 3.5 பதிப்பு கையிருப்பைத் தாராளமாக்கி உச்சவரம்பை இறுக்கியது. பாத்ஃபைண்டர் உச்சவரம்பைத் தளர்த்திக் கையிருப்பை இறுக்கியது.