ஸ்பானிய மொழியில் விருப்பும் வெறுப்பும்

1492இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு, அதாவது காஸ்திலிய மொழிக்கு, இலக்கணம் வகுத்தார். அதன் ஐந்தாம் பகுதியை, அம்மொழியைக் கற்க விரும்பும் பிறமொழியாளருக்கென்றே ஒதுக்கினார். இப்படிப் பிறமொழியாளருக்குக் கற்பிக்கும்போது, கற்பவரின் தாய்மொழி எதுவோ, அங்கிருந்தே வழி தொடங்க வேண்டும். தமிழருக்கு அந்த வழி, விருப்பு வெறுப்பைச் சொல்லும் பாடத்தில் மிக நேராக அமைந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் விரும்புபவரே எழுவாய். ஸ்பானிய மொழியிலோ பிடித்த பொருள் எழுவாயாகும். விரும்புபவர் நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்பார். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ஆங்கிலம் வழியே படிப்பவர் தடுமாறும் இந்த அமைப்பு, தமிழர் நாவில் ஏற்கெனவே பழகியது. மே, தே, லே, நோஸ், ஓஸ், லெஸ் என்பவற்றை எனக்கு, உனக்கு, அவருக்கு, எங்களுக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு என்றே மனத்தில் பதிக்கலாம்.

ஒற்றுமையை நம்பி வேற்றுமையை மறந்துவிடக் கூடாது. நமது ‘பிடிக்கும்’ ஒருமை, பன்மைக்கு ஏற்ப மாறாது. ஸ்பானிய மொழியில் வினை எழுவாயோடு இயையும். புத்தகங்கள் பிடிக்கும் என்பதற்கு ‘மே குஸ்தான் லோஸ் லீப்ரோஸ்’ என்று பன்மை வினை வேண்டும். வாசிப்பது போன்ற செயல் பிடிக்கும் என்றால் வினை ஒருமைதான்: ‘மே குஸ்தா லேஎர்’. ஆளின் பெயரைச் சொன்னாலும் ‘லே’ நீங்காது: ‘ஆ மரியா லே குஸ்தா எல் தே’, அதாவது மரியாவுக்குத் தேநீர் பிடிக்கும்.

வெறுப்பைச் சொல்ல, முன்னால் ‘நோ’ சேர்த்தால் போதும்: ‘நோ மே குஸ்தா’. இறுதியில் ‘நாதா’ வந்தால் கொஞ்சமும் பிடிக்காது என்றாகும். மிகவும் பிடித்ததற்கு ‘மே என்காந்தா’ உண்டு. ஒருவர் பிடிக்கும் என்றதை ஆமோதிக்க ‘ஆ மீ தாம்பியென்’. பிடிக்காது என்றதை ஆமோதிக்க ‘ஆ மீ தாம்போகோ’. மனிதரிடம் ‘மே குஸ்தாஸ்’ என்பது பெரும்பாலும் காதல் ஈர்ப்பைக் குறிக்கும். நட்பான மதிப்புக்கு ‘மே காஎஸ் பியென்’ பொருந்தும்.

இந்த அமைப்பு பிடிப்பதோடு நிற்பதில்லை. ‘மே துஎலே லா கபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதே. ஆனால் பசிக்கு அது உதவாது. அங்கே பசியை ‘உடையேன்’ என்னும் பொருளில் ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்பார்கள். எங்கே இரு மொழிகளும் சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று தமிழிலேயே காட்டும் பாடநூல்கள் எழுதப்பட வேண்டும். நம் மாணவர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.