பூளைப்பூவும் குன்னூர் எலிகளும்

போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து நாம் காப்புக் கட்டும் வெள்ளைப் பூ இருக்கிறதே, பூளைப்பூ, அதுதான் சிறுபீளை. சிறுநீரகக் கல்லைச் சித்த வைத்தியத்தில் கல்லடைப்பு என்பார்கள். அதற்குக் காலங்காலமாகக் கொடுக்கும் கஷாயம் இந்தச் செடியில்தான். கூடவே நெருஞ்சி முள், மாவிலங்கப் பட்டை, வாழைத்தண்டுச் சாறு. நம் தீர்த்தமலையில் ராமர் தீர்த்தத்தையும் சிலர் மருந்தாகக் குடிக்கிறார்கள். வெயிலில் மலையேறி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் கல்லுக்கு நல்லதுதான், அதை எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

கல் வியாதி புதிதல்ல. சுசுருதர் நூலில் மூலிகை வைத்தியமும் இருக்கிறது, சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்து எடுக்கும் முறையும் இருக்கிறது. மருந்தில் கேட்காவிட்டால்தான் கத்தி. அதிலும் பிழைப்பது உறுதியில்லை என்பதால் அரசனிடம் அனுமதி பெற்றுச் செய்யச் சொல்கிறார். இன்று நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, அதே கதைதான்!

எனக்குப் பிடித்த அத்தியாயம் குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர் அங்கே ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார். பஞ்சாப் பக்கம் கல் வியாதி அதிகம், சென்னை மாகாணத்தில் குறைவு. ஏன்? எலிகளுக்கு விதவிதமான சாப்பாடு போட்டுப் பார்த்தார். வைட்டமின் ஏ இல்லாமல் வெறும் மாவாகத் தின்ற எலிகளுக்குக் கல் வந்தது. அதே தீனியோடு பால் சேர்த்தால் வரவில்லை. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். அந்தக் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அவர் பார்த்தது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல். நமக்கு வருவது சிறுநீரகக் கல், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், கல் என்றவுடன் பாலை நிறுத்துகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு. அமெரிக்காவில் 45,619 ஆண்களை நான்கு வருடம் கவனித்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, உணவில் சுண்ணாம்புச் சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கல் குறைவு என்றது. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட்டும் கல் சேராமல் தடுக்கும். வாழைத்தண்டுச் சாறு, மாவிலங்கப் பட்டை இரண்டையும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் அங்கேயும் எலிகள்தான்.

உடம்பைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அதிர்வலையால் கல்லை உடைத்தது 1980 பிப்ரவரி 7இல், ஜெர்மனியின் மியூனிக் நகரில். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி.

இனி என் சொந்தக் கணக்கு. பேங்கில் இருந்தபோது எனக்கு 4 மில்லிமீட்டர் கல். சிறுபீளைக் கஷாயம் குடித்தேன், பத்து நாளில் போய்விட்டது. அன்றிலிருந்து நான் பாதி வைத்தியன். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் மச்சானுக்கு வலி வந்தபோது அதே கஷாயத்தைச் சொன்னேன். இரண்டு வாரத்தில் வலி நின்றது. இருவருக்கும் சந்தோஷம். ஸ்கேன் எதற்குச் செலவு என்றும் நானே சொன்னேன்.

ஏழு மாதம் கழித்து வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது, 13 மில்லிமீட்டர் கல் குழாயிலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது, இடது சிறுநீரகம் வீங்கிப்போயிருக்கிறது. வலி நின்றால் அடைப்பு நீங்கியது என்று அர்த்தமில்லையாம். கல்லை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யவில்லை. மச்சான் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. என் அக்காதான் அப்போது பல மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போதும் யாராவது என்னிடம் கல்லுக்குக் கஷாயம் கேட்டால் செடியைக் காட்டுகிறேன். அதற்கு முன், கல் எத்தனை மில்லிமீட்டர், எங்கே நிற்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.