மில்வாக்கியிலிருந்து நோர்வூட் வரை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது மலையகத்து நோர்வூட் பிள்ளைகளின் போன்களுக்குக் கடந்தகால வினாத்தாள்கள் பொதி பொதியாக வந்து சேர்கின்றன. சில ஸிப், சில ரார். ரார் எல்லாப் போனிலும் திறக்காது. கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து ஸிப்பாக மாற்றி வாங்க வேண்டும். இந்த ஸிப் இங்கு வந்து சேர்ந்த வழி நெடியது.

வேர் 1977இல் இருக்கிறது. ஆபிரகாம் லெம்பல், யாக்கோபு சிவ் என்ற இஸ்ரேலிய அறிஞர்கள் தரவைச் சுருக்க ஒரு வழி சொன்னார்கள். நீண்ட மனு ஒன்றில் 'தோட்டத் தொழிலாளர்' என்று இருபது தடவை வந்தால், இரண்டாம் தடவையிலிருந்து அதை எழுதவேண்டாம்; இத்தனை எழுத்து பின்னால் போ, இத்தனை எழுத்து எடு என்று குறித்தால் போதும்.

1985இல் கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஆர்க் என்ற பொதி முறை வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஃபில் காட்ஸ், அதே பொதியை இன்னும் வேகமாகக் கட்டும் மென்பொருளை எழுதினார். ஆர்க்கின் உரிமையாளர்கள் 1988இல் வழக்குப் போட்டார்கள். காட்ஸ் பணம் கொடுத்துச் சமரசமானார். 1989இல் புதிதாக ஸிப்பை வெளியிட்டு, அதன் அமைப்பை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். அவர் செய்ததில் பெரியது இதுதான் என்பேன். 2000இல், 37 வயதில் இறந்துபோனார். ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பும் வேர்ட் ஆவணமும் உள்ளுக்குள் ஸிப் பொதிகளே. அவற்றின் முதல் இரண்டு எழுத்துகள் இன்றும் அவருடைய பி, கே.

ரார் 1993இல் ரஷ்யரான யூஜின் ரோஷல் உருவாக்கியது. பெரும்பாலும் ஸிப்பைவிட இறுக்கமாகக் கட்டும். பிரிக்கும் நிரலை வெளியிட்ட அவர், கட்டும் முறையின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதனால் ராரைப் பிரிக்கப் பல மென்பொருள்கள் உண்டு. கட்ட அவருடையதுதான் வேண்டும்.

ராரிலிருந்து ஸிப்புக்கு நேர்வழி கிடையாது. முழுவதையும் பிரித்து, மறுபடி கட்டவேண்டும். படத்தை ஜேபெக்காக மாற்றும்போது போல எதுவும் தேய்ந்துபோவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது, பிரிக்கும்போது அது ஒத்துவரவேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஏற்கெனவே சுருங்கியது என்பதால் எந்தப் பொதியிலும் பெரிதாகச் சிறுக்காது.

ஸிப்பிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற அட்டவணை அதன் வாலில்தான் இருக்கிறது. சிக்னல் போய்ப் பாதியில் நின்ற கோப்பைப் போன் திறக்க மறுப்பது அதனால்தான். மற்றது தமிழ்ப் பெயர். பழைய ஸிப், கோப்புப் பெயருக்கு ஐபிஎம் கணினியின் 256 குறிகளையே அறியும். அதில் தமிழுக்கு இடமில்லை. 2006இல்தான் தமிழையும் எழுதக்கூடிய யுடிஎஃப்-8 பெயர்கள் ஸிப்பின் விதிகளில் சேர்ந்தன. பழைய மென்பொருளில் கட்டினால் 'கணிதம்' என்ற பெயர் கோடும் கொக்கியுமாக வந்து நிற்கும். உள்ளே இருக்கும் வினாத்தாளுக்கு ஒன்றும் ஆகாது.

மலையகப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அனுப்பும் ஆசிரியர்களே, வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்களே: ஒரே பிடிஎஃப் என்றால் கட்டாமல் அப்படியே அனுப்புங்கள். பல என்றால் புதிய மென்பொருளில், பாடத்துக்கு ஒன்றாக, சிறிய ஸிப்களாகக் கட்டி அனுப்புங்கள்.